கதையை அப்புறம் கேட்கலாம், முதலில் தேதியைச் சொல்லுங்கள்

கேள்வி: "அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரையும் பிரஷரும் உண்டு, மற்றபடி திடமாக இருந்தவர். நாலைந்து நாளாக, பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் தண்ணீர்த் தொட்டியில் மருந்து கலக்கிறார் என்கிறார். ராத்திரி அறை மூலையில் இரண்டு பேர் நிற்கிறார்களாம், கைத்தடியால் விரட்டுகிறார். அண்ணன் இது மனநோய் என்கிறான். அத்தை யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்கிறார். என்னென்ன நோயால் இப்படி வரும்?"

பதில்:

உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. "நாலைந்து நாளாக" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். 71 வயதுவரை ஒழுங்காக இருந்த மனிதர் நாலே நாளில் இப்படி மாறினால், மனநோய் என்பதைக் கடைசியாகத்தான் யோசிக்க வேண்டும். உடம்பில் எங்கோ ஏதோ கெட்டிருக்கிறது, மூளை அதில் தடுமாறுகிறது. மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். இன்றைக்கே அவரைப் பொது மருத்துவரிடம், முடிந்தால் படுக்கை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போங்கள். ரத்தத்தில் சர்க்கரை, சோடியம் என்ற உப்பு, சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினின், அதோடு சிறுநீர்ப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே. இதெல்லாம் முதல் சுற்று. மனநல மருத்துவனான நானே சொல்கிறேன், என்னிடம் வருவதற்கு முன் அங்கே போங்கள்.

இருபது வருஷத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். வருகிற குடும்பங்கள் எல்லாம் கதையைத்தான் முதலில் சொல்வார்கள். யார் விஷம் வைத்தது, சுவரில் என்ன தெரிகிறது, காதில் யார் பேசுகிறார்கள், எல்லாம் விலாவாரியாக. அதைச் சொல்லாமல் அவர்களால் இருக்க முடியாது, புரிகிறது. ஆனால் கதையை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது. "பக்கத்து வீட்டுக்காரன் விஷம் வைக்கிறான்" என்ற ஒரே வாக்கியத்தைச் சிறுநீரில் தொற்று வந்த பாட்டியும் சொல்வார், கஞ்சா அடிக்கும் கல்லூரிப் பையனும் சொல்வான், மனச்சிதைவு என்ற ஸ்கிசோஃப்ரீனியா உள்ளவரும் சொல்வார். எனக்கு வேண்டியது வேறு. எந்தத் தேதியில் தொடங்கியது? என்ன வயதில்? நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கிறதா, சாயங்காலத்துக்கு மேல் மோசமாகிறதா? கண்ணில் தெரிகிறதா, காதில் கேட்கிறதா? புதிதாக என்ன மாத்திரை சேர்ந்தது, எது நின்றது?

உங்கள் அப்பா மாதிரியே ஒருவரைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாமல் மாற்றித்தான் சொல்கிறேன். பெரியவர் கட்டிலில் படுத்தபடி போர்வையில் இல்லாத எதையோ கிள்ளி எடுத்து எடுத்துத் தரையில் போட்டுக்கொண்டிருந்தார். "எறும்பு" என்றார். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னேன். "ஞாயிறு, சனி..." என்று தொடங்கி, "வெள்ளி" வருவதற்குள் ஜன்னலைப் பார்த்து யாரையோ திட்ட ஆரம்பித்துவிட்டார். அது போதும். மனச்சிதைவு உள்ளவர் விஷக் கதையைச் சொல்லிக்கொண்டே கிழமைகளையும் பெரும்பாலும் சரியாகத் திருப்பிச் சொல்லிவிடுவார். இவருக்குக் கவனம் நிற்கவில்லை. ரத்தம் எடுத்ததில் சோடியம் 118. இருக்க வேண்டியது 135-லிருந்து 145. விசாரித்தால், பிரஷருக்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரை ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது, "உப்பைக் குறை" என்றதும் மருமகள் உப்பை அறவே நிறுத்தியிருக்கிறார், நடுவில் இரண்டு நாள் வாந்தி. சோடியத்தை மெதுவாக ஏற்றினார்கள். அவசரப்பட்டு ஏற்றினால் மூளைத்தண்டே பழுதாகும், நாளொன்றுக்கு 8, 10-க்கு மேல் ஏறவிடக் கூடாது. ஐந்தாம் நாள் காலையில் காபி கேட்டார். எறும்பைப் பற்றிக் கேட்டால், "என்ன எறும்பு?" என்றார்.

இதற்கு மருத்துவத்தில் டெலிரியம் என்று பெயர். நம் ஊரில் பழைய பெயரே உண்டு, ஜன்னி. "காய்ச்சலில் ஜன்னி கண்டு பிதற்றுகிறார்" என்று பாட்டிமார்கள் சொன்னது இதைத்தான், அவர்களுக்கு அது உடம்பு நோய் என்பதில் சந்தேகமே இருந்ததில்லை. இப்போதுதான் நாம் குழப்பிக்கொள்கிறோம். மணிக்கு மணி மாறுவதுதான் இதன் அடையாளம். காலையில் பேப்பர் படிப்பார், விளக்கு வைக்கும் நேரத்தில் ஆளே மாறிவிடுவார். "டாக்டரிடம் போனால் நன்றாகத்தான் பேசுகிறார்" என்று குடும்பம் குழம்புவது இதனால்தான். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சர்க்கரை மாத்திரை அதிகமாகிச் சர்க்கரை இறங்கிப் போவது, சிறுநீரகம் கெடுவது, ஈரலில் கோளாறு, நாலு நாள் மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, இடுப்பெலும்பு ஆபரேஷன் என்று எது வேண்டுமானாலும் இதைக் கொண்டுவரலாம். காய்ச்சலே இல்லாமல் தொற்று இருக்கும், அதையும் மனதில் வையுங்கள். அப்புறம், கடந்த ஒன்றிரண்டு மாதத்தில் எங்காவது விழுந்தாரா என்று யோசித்துப் பாருங்கள். பாத்ரூமில் வழுக்கித் தலையில் லேசாக அடிபட்டதை எல்லாரும் மறந்திருப்பார்கள், மண்டைக்குள் ரத்தம் மெல்ல மெல்லக் கட்டிக்கொண்டு வரும். தலை ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்.

அப்பா குடிப்பாரா? தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் நடந்த விபரீதங்கள் அதிகம். எலும்பு முறிவு வார்டிலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தால், பாதி நேரம் விஷயம் ஒன்றுதான். மூன்று நாளைக்கு முன் வண்டியில் விழுந்து கால் உடைந்தவர், இன்றைக்கு ட்ரிப்ஸைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் பாம்பு என்கிறார். சேர்க்கும்போது "குடிப்பழக்கம் இல்லை" என்று மனைவி எழுதிக்கொடுத்திருப்பார், மாமியார் பக்கத்தில் நின்றிருப்பார். தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் அரை நாளுக்குள் கை நடுக்கம், முதல் நாளிலேயே சிலருக்குக் குரல்கள், வலிப்பு. இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் உச்சம். வியர்வை, காய்ச்சல், படபடப்பு, சுவர் முழுக்கப் பூச்சி. சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகும். கூடவே தையமின் என்ற பி1 வைட்டமின் ஊசி போடவேண்டும், குளுகோஸ் ஏற்றுவதற்கு முன்பே. அது தவறினால் ஞாபகசக்தி நிரந்தரமாகப் போய்விடும் ஆபத்து உண்டு. ஆகவே சேர்க்கும்போதே உண்மையைச் சொல்லிவிடுங்கள். மானம் ஒரு வாரத்தில் திரும்பி வரும்.

பல வருஷம் குடித்தவர்களிடம் இன்னொரு வடிவமும் உண்டு. பூச்சி, பாம்பு எதுவும் கிடையாது, நிதானமாக இருப்பார், ஆனால் மனைவிமேல் தீராத சந்தேகம். படுக்கை விரிப்பை முகர்வது, போனை நோண்டுவது, வேலைக்குப் போன இடத்துக்கே பின்னால் போவது. ஊரில் "சந்தேகப் புத்தி" என்று குணத்தில் சேர்த்துவிடுவார்கள். பல வீடுகளில் இது வியாதி, ஆபத்தான வியாதி, கொலை வரைக்கும் போயிருக்கிறது. இதில் நான் முதலில் பார்ப்பது மனைவியின் பாதுகாப்பைத்தான், கணவனுக்கு என்ன பெயர் வைப்பது என்பது அப்புறம்.

மாத்திரைகளுக்கு வருகிறேன். ஆஸ்துமா, மூட்டுவாதம், தோல் நோய் என்று நம் ஊரில் ஸ்டீராய்டு தாராளமாகப் புழங்குகிறது. அதில் 1972-ல் பாஸ்டனில் செய்த கணக்கெடுப்பை இன்றும் எடுத்துச் சொல்வோம். நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 1.3 சதவீதம் பேருக்கு மனக்கோளாறு வந்தது, 80-க்கு மேல் போனவர்களில் 18.4 சதவீதம் பேருக்கு. அளவு ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா, பிரமிபெக்ஸோல் போன்றவை உருவங்களைக் காட்டும். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குத் தரும் சைக்ளோசெரின் குரல்களைக் கொண்டுவரும். எங்கள் துறையிலேயே கைநடுக்கத்துக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் வயதானவர்களைக் குழப்பிவிடும். மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்குகிற சளி மாத்திரைகள் சிலவும் இந்த ரகம்தான். தூக்க மாத்திரையைப் பல மாதம் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் குடியை நிறுத்தியது மாதிரியே ஆகும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது தனி ஆபத்து.

நாட்டு மருந்து என்ற பெயரில் ஊமத்தை வயிற்றுக்குள் போய் வருகிறவர்களும் உண்டு. சிவனுக்குச் சாத்தும் அதே ஊமத்தைதான். கண்ணின் கருமணி விரிந்து, வாய் பஞ்சு மாதிரி காய்ந்து, தோல் கொதித்து, காற்றில் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார்கள். பார்த்தவர்களுக்கு மறக்காது. இளவயதினரிடம் என்றால் கஞ்சாவும், மெத் என்கிற மெத்தாம்பெட்டமின் போதைப்பொருளும். மெத் எடுத்தவனுக்கு வருவது பெரும்பாலும் சந்தேகம்தான். போலீஸ் பின்னால் வருகிறது, போனில் ஒட்டுக்கேட்கிறார்கள், வீட்டுக்குள் கேமரா. மருந்து உடம்பைவிட்டு இறங்கியதும் பலருக்கு அடங்கும், சிலருக்கு அடங்காமல் நின்றுவிடும். பதின்வயதிலேயே கஞ்சாவைத் தொட்டு, அதையும் தினமும் தொட்டவர்களுக்குப் பிற்பாடு மனச்சிதைவு வரும் வாய்ப்பு கூடுகிறது. "மூலிகைதானே" என்று என்னிடம் வாதாடாத பையனே இல்லை.

கண்ணா, காதா என்று கேட்டேன் அல்லவா. இதை எழுத்துக்கு எழுத்து சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் வழிகாட்டும். உருவங்கள் தெரிந்தால் உடம்பையும் மூளையையும் கண்ணையும் சந்தேகிப்போம். குரல்கள் கேட்டால் மனநோய்ப் பக்கம் சாய்வோம். யாருக்கும் தெரியாத ஒரு நாற்றம், ரப்பர் கருகுகிற மாதிரி, அரை நிமிஷம் வந்து போகிறது, கூடவே ஒரு கணம் வெறித்துப் பார்க்கிறார் என்றால் அது மூளையின் பக்கவாட்டில் உள்ள பொட்டுமடலில் எழும் வலிப்பாக இருக்கலாம். தோலுக்கடியில் ஏதோ ஊர்கிறது என்பவர்கள் தனி ரகம். ஓர் அம்மா தீப்பெட்டி ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துத் திறந்தார். "இதில் இருக்கிறது பாருங்கள் டாக்டர், நேற்று ராத்திரி பிடித்தது." உள்ளே தோல் செதில், துணி நூல், ஒரு மிளகுத்தூள் துணுக்கு. உலகம் முழுக்க இந்த நோயாளிகள் இப்படித்தான் பெட்டியோடு வருகிறார்கள், அதனால் தீப்பெட்டி அடையாளம் என்றே பாடத்தில் இருக்கிறது. நாலு தோல் டாக்டரைப் பார்த்துவிட்டு, கோபத்தோடுதான் எங்களிடம் வருவார்கள்.

கண் பற்றிய கதை ஒன்று எனக்குப் பிடித்தது. 1760-ல் சுவிட்சர்லாந்தின் இயற்கை அறிஞர் சார்ல் போனே தன் தாத்தாவைப் பற்றி எழுதினார். தாத்தாவுக்குத் தொண்ணூறை நெருங்கிய வயது, கண் புரையால் பார்வை மங்கியவர், புத்தி மட்டும் கத்தி மாதிரி. அவருக்கு மனிதர்கள், பறவைகள், வண்டிகள், கட்டடங்கள் எல்லாம் கண்முன் தெரிந்தன. அவை நிஜமில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று அந்த நிலைக்குப் போனேயின் பெயரையே வைத்திருக்கிறோம். கண்ணிலிருந்து படம் வருவது குறைந்தால் மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருக்காமல் தானே படம் போட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். புரை முற்றிய ஒரு பாட்டி என்னிடம் வந்தார். தினமும் மத்தியானம் நாலைந்து குள்ளப் பிள்ளைகள் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு முற்றத்தில் வரிசையாக வந்து நிற்கிறார்களாம். பேசுவதில்லை. "பயமாயிருக்கா பாட்டி?" என்றேன். "பயமென்ன, நல்லாத்தான் உடுத்தியிருக்குதுங்க. ஆனா வெளியே சொன்னா பைத்தியம்பாங்களேன்னுதான்" என்றார். மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். மனநல மாத்திரை எதுவும் எழுதவில்லை. கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஆபரேஷன் முடிந்து வந்தவர், பிள்ளைகள் வருவதில்லை என்று சொன்னபோது குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்த மாதிரி எனக்குப் பட்டது. காது கேளாதவர்களுக்கும் இதே கணக்கு. ராத்திரி முழுக்க எங்கோ நாதஸ்வரம் கேட்கிறது என்பார்கள், கல்யாண மண்டபம் எதுவும் பக்கத்தில் இருக்காது.

அந்தப் பாட்டியை அடையாளம் கண்டதைச் சொல்லிவிட்டு, நான் தவறியதைச் சொல்லாமல் விடக்கூடாது. பயிற்சி முடித்த புதிது. அறுபதுகளின் கடைசியில் இருந்த ஒருவர், மூலையில் நாய் உட்கார்ந்திருக்கிறது, மாடியில் குழந்தைகள் ஓடுகிறார்கள் என்றார். நடை கொஞ்சம் மெதுவாக இருந்ததைக் கவனித்தேன், வயது என்று விட்டுவிட்டேன். மனநோய்க்கான பழைய மருந்து ஹாலோபெரிடாலைக் கொஞ்சமாகத்தான் எழுதினேன். மூன்றாம் நாள் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பு மரக்கட்டை, வாயில் எச்சில் வழிகிறது, விழுங்க முடியவில்லை. அவருக்கு இருந்தது லூயி உடல் மறதிநோய். லூயி என்ற ஜெர்மானிய மருத்துவர் 1912-ல் மூளை செல்களுக்குள் கண்ட புரதக் கட்டிகள் இதில் மூளை முழுக்கப் பரவியிருக்கும். தெளிவான உருவங்கள், நாளுக்கு நாள் ஏறி இறங்கும் புத்தித் தெளிவு, பார்க்கின்சன் போன்ற இறுக்கம், இந்த மூன்றும் சேர்ந்து வரும். மனநோய்க்கான பழைய மருந்துகள் இவர்களுக்கு விஷம் மாதிரி. அவர் தேறிவிட்டார், மாத்திரையை நிறுத்தி, பத்து நாள் படுக்கையில் இருந்து. அதற்குப் பிறகு வயதானவர் யார் வந்தாலும் வீட்டம்மாவிடம் ஒரு கேள்வி கேட்காமல் விடுவதில்லை: "தூக்கத்தில் கனவு கண்டு கையை காலை உதைப்பாரா, உங்களை அடித்திருக்கிறாரா?" பல வருஷத்துக்கு முன்பிருந்தே உண்டு என்று பதில் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பேன்.

அல்சைமர் மறதிநோயில் சந்தேகம் வேறு மாதிரி வரும், எளிய மாதிரி. வளையலை எங்கோ வைத்துவிட்டு மறந்துபோய், வேலைக்காரி திருடிவிட்டாள் என்பார்கள். மருமகளும் இந்தப் பழியிலிருந்து தப்புவதில்லை. சிலர் கட்டிய மனைவியையே "இவள் அவளைப் போல இருக்கிறாள், ஆனால் அவள் இல்லை" என்பார்கள். 1923-ல் பாரிஸில் காப்க்ரா என்ற மருத்துவர் இதை முதலில் எழுதினார். முகம் தெரிகிறது, அந்த முகத்தோடு ஒட்டிவரும் பாசம் எழும்பவில்லை, ஆகவே ஆள்மாறாட்டம் என்று மூளை முடிவுகட்டிவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம்.

இளவயதில் வரும் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இதில்தான் நாள் வீணாகிறது. இருபது வயதுப் பெண். லேசான காய்ச்சல், தலைவலி, ஒரு வாரம் கழித்துத் தூக்கமில்லை, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று அலறல், அப்புறம் பேச்சே நின்று சிலை மாதிரி உட்காருதல், வாயைச் சப்புக்கொட்டுவது போல ஓயாத அசைவு, வலிப்பு. முதல் வாரம் வேப்பிலை அடிப்பார்கள், இரண்டாம் வாரம் எங்களிடம் வருவார்கள். இது மூளையழற்சி. உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தியே மூளை செல்கள் சேதி வாங்கிக்கொள்ளும் என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்குகிறது. ஹோசப் டால்மா என்ற நரம்பியல் மருத்துவரும் அவரது குழுவும் 2007-ல் இதை இனங்கண்டார்கள். பல பெண்களுக்குச் சினைப்பையில் ஒரு கட்டி இருந்து அதுதான் இதைத் தூண்டிவிடுகிறது. கட்டியை எடுத்து, நோயெதிர்ப்பை அடக்கும் சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். 2007-க்கு முன் இப்படி எத்தனை பெண்கள் எந்தெந்த வாசலில் கிடந்தார்களோ, நினைத்தால் தூக்கம் வராது.

குழந்தை பிறந்த வீட்டில் என்றால் இன்னும் அவசரம். ஆயிரம் பிரசவத்தில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், தூக்கம் கெட்டு, குழப்பம் வந்து, குழந்தையைப் பற்றியே விபரீத எண்ணம் வரும். அன்றே ஆஸ்பத்திரி. தாயையும் குழந்தையையும் தனியாக விடக்கூடாது. சிகிச்சைக்கு மிக நன்றாகக் கேட்கும் நோய் இது.

தைராய்டு, பி12 வைட்டமின் இரண்டையும் எப்போதும் பார்த்துவிடுவோம். தைராய்டு குறைந்து மனம் பேதலித்த 14 பேரைப் பற்றி ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் மருத்துவர் 1949-ல் எழுதினார், ஹார்மோன் கொடுத்ததும் பெரும்பாலோர் தெளிந்தார்கள். தைராய்டு கூடினாலும் படபடப்போடு சந்தேகம் வரலாம். பி12 குறைவு, சுத்த சைவம் சாப்பிடுபவர்களுக்கும் பல வருஷம் மெட்ஃபார்மின் போடும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வரும். உங்கள் அப்பா அதைச் சாப்பிடுகிறாரா பாருங்கள். மேகநோய் என்கிற சிபிலிஸ் மூளைக்கு ஏறினாலும் இப்படித்தான். பென்சிலின் வருவதற்கு முன் அதற்கு மலேரியாக் காய்ச்சலை வரவழைத்துச் சிகிச்சை செய்த வாக்னர் யாவ்ரெக்குக்கு 1927-ல் நோபல் பரிசே கிடைத்தது. இன்றைக்கு ரத்தச் சோதனையில் தொடங்கிக் கண்டுபிடித்து, பென்சிலின் ஊசியால் சிகிச்சை செய்கிறோம்.

சரி, மனநோய்கள். மனச்சிதைவு உலகில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தொடங்குவதுதான் வழக்கம், அதுவும் மெதுவாக. குரல் கேட்பதற்குப் பல மாதம் முன்பே பையன் அறையைச் சாத்திக்கொண்டிருப்பான், குளிப்பதை விட்டிருப்பான், அரியர் விழுந்திருக்கும், நண்பர்கள் வருவது நின்றிருக்கும். "சோம்பேறி ஆகிவிட்டான்" என்று அப்பா திட்டிக்கொண்டிருப்பார். குரல்கள் தங்களுக்குள் அவனைப் பற்றியே பேசிக்கொள்ளும், அல்லது அவனுக்கு உத்தரவு போடும். அமெரிக்காவின் சான் மேட்டியோ, கானாவின் அக்ரா, நம் சென்னை ஆகிய மூன்று ஊர்களில் ஊருக்கு 20 பேராக, குரல் கேட்கும் நோயாளிகளிடம் பேசிப் பார்த்து மானுடவியலாளர் தான்யா லூர்மனும் அவரது குழுவினரும் எழுதினார்கள். அமெரிக்கர்களுக்குக் கேட்டது பெரும்பாலும் அந்நியக் குரல்கள், வன்முறை. சென்னையில் பலருக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல், வேலை சொல்கிற குரல். என் அனுபவமும் அதுதான். "தண்ணி பிடி, இன்னும் குளிக்கலையா" என்று செத்துப்போன அத்தை அதட்டுவதாகச் சொன்ன நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். திட்டும் குரலும் நம்மிடம் உண்டு, ஆனால் திட்டுவது கூட மாமாவாக இருக்கும்.

மனம் பொங்குவதும் சோர்வதுமாக மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறில், பொங்கும்போது "நானே முருகன்" என்றும், ஆழ்ந்த மனச்சோர்வில் "என் குடல் அழுகிவிட்டது, நான் பாவி" என்றும் வரும். எண்ணங்களின் நிறம் மனநிலையோடு ஒத்துப்போகும். இன்னொன்று, குரல் கேட்காது, உருவம் தெரியாது, ஒரே ஒரு நம்பிக்கை மட்டும் கல் மாதிரி நிற்கும். மற்ற எல்லா விஷயத்திலும் ஆள் சரியாக இருப்பார், ஆபீஸுக்குப் போவார், வரி கட்டுவார், பக்கத்து வீட்டுக்காரர்மேல் பன்னிரண்டு புகார் கொடுத்திருப்பார். சந்தேகம் எல்லாருக்கும் உண்டு. ஆதாரம் காட்டினால் நம் சந்தேகம் ஆடும். இவர்களுக்கு நீங்கள் காட்டும் ஆதாரமே, நீங்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டதற்கு ஆதாரமாகிவிடும்.

எல்லாமே நோயும் இல்லை. வேல்ஸில் மருத்துவர் ரீஸ் 1971-ல் வெளியிட்ட ஆய்வில், துணையை இழந்த 293 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர், இறந்தவர் பக்கத்தில் இருப்பதை உணர்ந்ததாகவோ, பார்த்ததாகவோ, கேட்டதாகவோ சொன்னார்கள். தாத்தா போன மூன்றாம் மாதம் சாய்வு நாற்காலியில் அவரைப் பாட்டி பார்த்தார் என்றால் மாத்திரை வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள். தூக்கம் பிடிக்கும்போதும் விழிக்கும்போதும் மார்மேல் யாரோ ஏறி உட்கார்ந்து அமுக்குவது போல வருவதை அமுக்குவான் பேய் என்போம். மூளை விழித்து, உடம்பின் தசைகள் இன்னும் கனவுத் தூக்கத்தின் கட்டுக்குள் இருக்கும் சில நொடிகள் அவை. தூக்கம் கெட்டவர்களுக்கும் ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கும் அடிக்கடி வரும்.

உங்கள் அத்தையிடம் சண்டை போடாதீர்கள். கோயிலுக்குப் போவதால் யாருக்கும் சோடியம் குறைந்துவிடாது, ரத்தம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். எனக்குக் கோபம் வருவது கட்டிப்போடும் இடங்களின் மேல்தான். 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். 2017-ன் மனநலச் சட்டம் யாரையும் எந்த வகையிலும் சங்கிலியில் கட்டக்கூடாது என்று வெளிப்படையாகவே தடுக்கிறது. உங்கள் அப்பாவைத் துணியால்கூடக் கட்டிலோடு கட்டாதீர்கள். கட்டினால் ஜன்னி இன்னும் கூடும்.

ஆஸ்பத்திரி போகும்வரை வீட்டில் செய்யக் கூடியவை. அறையில் மங்கலாக ஒரு விளக்கு எரியட்டும், நிழல்தான் பல சமயம் ஆளாக மாறுகிறது. மூக்குக் கண்ணாடியையும் காது மெஷினையும் போட்டுவிடுங்கள். கைத்தடியை எட்டாத இடத்தில் வையுங்கள், ஆனால் பாத்ரூமுக்கு நடக்கும்போது கூடப் போங்கள். "அங்கே யாருமில்லை, சும்மா உளறாதீங்க" என்றால் கோபம் வரும், "ஆமாம் நிற்கிறார்கள்" என்றால் பயம் கூடும். "எனக்குத் தெரியலப்பா, ஆனா உங்களுக்குப் பயமா இருக்குன்னு புரியுது, நான் இங்கேதான் இருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். மனநலம் பற்றி எந்த நேரமும் கேட்க 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, இலவசம், தமிழில் பேசுவார்கள். ஆனால் காய்ச்சல், வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், ஒரு பக்கக் கை கால் தளர்வு, இதில் எது இருந்தாலும் நேராக 108.

கிளம்பும்போது மாத்திரைச் சீட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், தைலத்தையும், லேகியத்தையும், மெடிக்கலில் வாங்கிய சளி மருந்தையும் ஒரு பையில் கொட்டி எடுத்துப் போங்கள். ஒரு தாளில் தேதி வாரியாக எழுதுங்கள்: கடைசியாக நன்றாக இருந்த நாள் எது, எந்த மாத்திரை எப்போது சேர்ந்தது, எப்போது விழுந்தார், சிறுநீர் எப்படிப் போகிறது. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அப்பா இன்றைக்கு மதிலோரம் நின்று அவரைத் திட்டினாலும் திட்டுவார். தேறி வந்த பிறகு இருவரும் அதே மதிலில் சாய்ந்து பேசிக்கொள்ள வேண்டும் அல்லவா.